உத்தியோகத்தை விடலாமா?

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்பது நம் முன்னோர் வாக்கு. அரச உத்தியோகம் கிடைத்துவிட்டால் சாகும்வரை கவலையில்லை என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கையை 2022ஆம் ஆண்டு ஆட்டங்காணச் செய்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நாடு இடைநிறுத்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாயிற்று. இதற்கிடையே, ஜூன் மாதத்தில், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கமின்றி ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு செல்லவோ வேறு தொழில் பார்க்கவோ அரச ஊழியருக்கு வழிவிட்டுச் சுற்றறிக்கை வந்தது. இருப்பதா, விடுவதா என்ற வினா அன்று பல வீடுகளில் நுழைந்தது, இன்னும் வெளியேறவில்லை.

திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்க்கலாமா என்று ஆலயத்தில் கேட்பவர்களும் உண்டு. இறைவனிடம் தெளிவைக் கேட்கலாம், துணிவைக் கேட்கலாம். பொறுப்பை அவன் தலையில் கட்ட முடியாது. சீட்டு எப்படி விழுந்தாலும் கடன் தவணையைக் கட்டப்போவது நாம்தானே!

பதவியை விட்ட பெரியோர் நம் சமயத்தில் பலர். பல்லவ சேனாதிபதியாக வாதாபியை வென்ற பரஞ்சோதியார், மன்னனே விடைகொடுத்து அனுப்ப ஊர் திரும்பிச் சிறுத்தொண்டர் ஆனார். மணிவாசகரோ பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன் கையிலிருக்கும்போதே திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பட்டார். அவருக்காக நரி பரியாயிற்று. நமக்கு ஆகாது. ஆகவே கணக்கை ஒப்படைத்து, முறைப்படி விடைபெற்றே நாம் வெளியேற வேண்டும்.

நமக்கு அண்மையிலும் ஒருவர் இருக்கிறார். சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊரான காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியைத் துறந்து 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் சுவாமி விபுலாநந்தர் ஆனார். பதவியை விட்டாரேயன்றி உழைப்பை விடவில்லை. ஆனால் அவருக்கு மனைவி மக்கள் இல்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர் துறந்தது தமக்குரியதை மட்டுமே.

இங்கேதான் தருமத்தின் முடிச்சு இருக்கிறது. "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்குமுன் "இதன் பாரம் யார் தோளில் விழும்?" என்று கேட்க வேண்டும். தாலிக்கொடியை அடகு வைப்பவள் மனைவி. பேரப்பிள்ளைகளைப் பார்க்கப்போவது வயதான தாய். ஆசிரியர் போனால் வகுப்பு வெறுமையாகும். தாதி போனால் நோயாளி காத்திருப்பார். பாரத்தைச் சுமப்பவரிடம் முதலில் சம்மதம் கேட்பதே நீதி.

இப்படிச் சொல்வதால் இருப்பதே தருமம் என்று ஆகாது. உடல் கந்தோரிலும் மனம் விமான நிலையத்திலுமாக இருப்பவர், ஒரு கையொப்பத்துக்காக வந்த ஏழையை நாலு தரம் அலைய வைக்கிறார். இருக்கும் சம்பளத்தில் பிள்ளையின் படிப்பையோ நோயையோ தாங்க இயலாதவர், ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி இருப்பதும் பிழையே. அவர் கடமைக்காகவே புறப்படுகிறார்.

நம் கரையில் தோணி தள்ளுபவருக்கு மாதச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. காற்றையும் கடலையும் பார்க்கிறார், கூட வருபவர்களிடம் கேட்கிறார், கடவுளைக் கும்பிட்டுத் தள்ளுகிறார். கடல் சரியில்லாத நாளில் கரையில் இருந்து வலை பொத்துகிறார். இருந்தாலும் போனாலும் அவர் சும்மா இருப்பதில்லை.

ஆராய்ந்து, கேட்டு, பிறகு கும்பிட்டு முடிவெடுப்போம். எடுத்த முடிவில் உறுதியாக நிற்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.