தனியே செல்லும் பெண்ணுக்குத் துணை யார்?

"மஹ்ரம் இல்லாமல் ஒரு பெண் தனியே பிரயாணம் செய்யலாமா?" என்ற வினா எழுந்தால், நம்மில் பலர் உடனே கிதாபை விரிக்கிறோம். அது சரிதான். மார்க்கத் தீர்ப்பை அறிந்து நடப்பது நம் கடமை. ஆனால் தீர்ப்பைச் சொல்லி முடித்த பிறகும், நிர்ப்பந்தத்தால் புறப்பட்டுவிட்ட பெண் சாலையில்தான் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் விஷயத்தில் மற்றவர்களுக்கு உள்ள கடமை என்ன? இந்த வினாவை நாம் கேட்பதில்லை. இன்று அதைச் சற்றுச் சிந்திப்போம்.

கணவனோ மஹ்ரமோ இன்றிப் பெண் நெடும்பயணம் செல்வதை ஹதீஸ்கள் தடுக்கின்றன. மூன்று நாள் தொலைவு என்றால் ஹஜ்ஜுக்கும் மஹ்ரம் வேண்டும் என்பர் ஹனஃபி இமாம்கள். ஃபர்ளான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்களின் கூட்டம் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. மாலிகி மத்ஹபிலும் நம்பகமான கூட்டத்தோடு செல்ல இடமுண்டு. மற்றப் பயணங்களைப் பற்றி அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுக. இச்சட்டங்களின் பெரும் நோக்கம் பெண்ணின் உயிரையும் மானத்தையும் காப்பதே என்பதை மட்டும் இங்கே மனத்தில் கொள்வோம்.

ஹீராவிலிருந்து ஒரு பெண் ஒட்டகச் சிவிகையில் புறப்பட்டு, அல்லாஹ்வைத் தவிர வேறெவருக்கும் அஞ்சாமல் கஅபாவை வந்து தவாஃப் செய்யும் காலம் வரும் என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களிடம் முன்னறிவித்தார்கள். அந்தக் காட்சியைத் தம் கண்ணாலேயே கண்டதாக அதீ (ரலி) அவர்கள் பின்னாளில் கூறினார்கள். புகாரி ஷரீஃபில் உள்ள செய்தி இது. இதிலிருந்து சட்டம் எடுக்கலாமா என்பதில் உலமாக்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், தனியே செல்லும் பெண் அச்சமின்றி ஊர் சேர்வது ஒரு சமுதாயத்தின் மேன்மைக்கு அடையாளம் என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

இந்த அடையாளத்தைக் கொண்டு இன்றைய முஸ்லிம் நாடு ஒன்றைப் பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் முஸ்லிம்கள், மாலிகி மத்ஹபினர். தூபா நகரின் ஷைகு அஹ்மது பம்பா அவர்களுடைய தாயார் அடங்கியுள்ள போரோகானுக்கு ஆண்டுதோறும் பெண்கள் பெருந்திரளாகச் செல்கிறார்கள். மீனும் மாம்பழமும் துணியும் விற்கும் பெண்கள் ஊர் விட்டு ஊர் போய் வியாபாரம் செய்து குடும்பத்தைக் காக்கிறார்கள். அங்கே 'ஸெத் பிளாஸ்' என்ற ஏழு இருக்கை வாடகைக் கார் ஓடுகிறது. ஏழு பேர் சேர்ந்தால்தான் அது புறப்படும். முன்பின் அறியாத ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பல மணி நேரம் செல்ல வேண்டியிருக்கும்.

விருந்தோம்பலை அம்மக்கள் 'தெராங்கா' என்று சொல்லிப் பெருமைப்படுவார்கள். வழி கேட்பதானாலும் முதலில் ஸலாம், பிறகு நலம் விசாரிப்பு, அதன் பிறகே கேள்வி. "நலமா?" என்றால் "ஜாம் ரெக்" என்பார்கள். 'அமைதியே' என்பது அதன் பொருள். வயதில் மூத்த பெண்ணை 'யாய்', அதாவது தாயே, என்று அழைப்பார்கள். அந்த ஒரு சொல்லால் அந்நியப் பெண் ஒருத்திக்கு அண்டையில் ஒரு தாய் கிடைத்துவிடுகிறாள்.

இத்தனை இருந்தும் அங்கே ஆபத்தே இல்லையா? உண்டு. 2002 செப்டம்பர் 26-ம் நாள் சிகின்ஷோரிலிருந்து தலைநகர் டாக்கருக்குச் சென்ற 'ஜூலா' என்ற கப்பல் கடலில் கவிழ்ந்தது. சுமார் 580 பேருக்கான அக்கப்பலில் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தப்பியவர் 64 பேர். அவர்களில் பெண் ஒருவரே. 2023 ஜனவரி 8-ம் நாள் கஃப்ரின் பகுதியில் இரவில் இரு பேருந்துகள் மோதிச் சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள். 2019-ல் நடந்த கொடுமைகளைக் கண்டு பெண்கள் வீதியில் இறங்கி "போதும், போதும்" என்று முழங்கிய பிறகே, பலாத்காரத்தைப் பெருங்குற்றமாக்கும் சட்டம் 2020 ஜனவரியில் வந்தது. பள்ளிவாசல்கள் நிறைந்த நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஸலாம் நாவோடு நின்றுவிட்டால் அது எவரையும் காப்பதில்லை.

ஆகவே அங்கே செல்ல நேரும் பெண் தன்னளவில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இந்தியாவிலிருந்து செல்பவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்க. மலேரியாவுக்கும் மருத்துவரின் யோசனை கேட்க. ஊர்ப் பயணத்தைக் காலையிலேயே தொடங்கி, பொழுது சாயுமுன் முடித்துக்கொள்க. டாக்சிக்கு ஏறுமுன் வாடகையைப் பேசுக. டாக்கரின் கடற்கரைச் சாலையில் இருட்டிய பின் தனியே நடக்க வேண்டாம். கண்ணிவெடி ஆபத்து இருந்துவந்த காஸமான்ஸ் பகுதியில் பழகிய பாதையை விட்டு விலக வேண்டாம். காரில் ஏறியதும் மூத்த பெண்ணுக்கு ஸலாம் சொல்லி அவர் அருகில் அமர்க. எங்கே போகிறோம், எப்போது சேர்வோம் என்பதை வீட்டாருக்குத் தெரிவிக்க. காவல் துறையின் எண் 17.

இத்தகைய அறிவுரைகளைப் பெண்களுக்குச் சொல்ல நாம் ஒருபோதும் சோம்புவதில்லை. 'இப்படி நட, இப்படி உடுத்து, அங்கே போகாதே' என்று பட்டியல் நீள்கிறது. ஆனால், அதே காரில் அவளுக்கு அருகில் அமரும் ஆணுக்கு நாம் எழுதிக் கொடுத்த பட்டியல் எங்கே?

அந்தப் பட்டியலை உஸ்மான் இப்னு தல்ஹா அவர்களின் செயலில் காணலாம். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கணவரைப் பிரிந்து ஓராண்டளவு அழுது தவித்து, முடிவில் கைக்குழந்தையோடு ஒட்டகமேறி, தன்னந்தனியாக மதீனாவுக்குப் புறப்பட்டார்கள். தன்ஈமில் எதிர்ப்பட்ட உஸ்மான், "உம்முடன் யாரும் இல்லையா?" என்று கேட்டார். "அல்லாஹ்வும் இந்தக் குழந்தையும்தான்" என்றார்கள் அன்னையவர்கள். அவர் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து நடந்தார். தங்குமிடம் வந்தால் ஒட்டகத்தைப் படுக்க வைத்துவிட்டு விலகிச் செல்வார். அன்னையவர்கள் இறங்கியதும் ஒட்டகத்தை மரத்தில் கட்டிவிட்டுத் தாம் வேறொரு மரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்வார். புறப்படும்போது ஒட்டகத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, மறுபடியும் விலகி நிற்பார். இப்படியே குபா வரை கொண்டு சேர்த்து, கணவர் இருக்கும் ஊரைக் காட்டிவிட்டு மக்கா திரும்பினார். அவரைவிடக் கண்ணியமான வழித்துணையைத் தாம் கண்டதில்லை என்று அன்னையவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

அந்நாளில் உஸ்மான் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கவில்லை. அவர் பிற்காலத்தில் ஈமான் கொண்டார். மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவியை நாயகம் (ஸல்) அவர்கள் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். வழியில் கண்ட ஒரு பெண்ணை அமானத்தாகக் காத்த கை அது.

அவர் செய்தவை இரண்டு: உதவினார், விலகி நின்றார். உதவாமல் விலகிப் போவது கல்நெஞ்சம். உதவிவிட்டு விலகாமல் நிற்பது கயமை. மத்யன் கிணற்றடியில் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நபி மூஸா (அலை) அவர்கள் நிழலுக்குத் திரும்பிச் சென்றதும் இதே ஒழுக்கம்தான்.

ஆகவே, பெற்றோர்களே, வெளியூர் புறப்படும் மகளுக்கு நூறு புத்தி சொல்கிறீர்கள், சொல்லுங்கள். அன்றே உங்கள் மகனையும் அருகில் அழைத்து, உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இந்தப் பயணத்தைச் சொல்லுங்கள். அவன் ஏறும் பேருந்திலும் யாரோ ஒருவரின் மகள் தனியே அமர்ந்திருப்பாள்.

யா அல்லாஹ்! வழிச் செல்லும் எங்கள் பெண்மக்களை உன் காவலில் வைப்பாயாக! அவர்களோடு வழி நடக்கும் ஆண்களை அமானத்தைப் பேணுவோராக ஆக்குவாயாக! ஆமீன்.