பி பாரமும் பூனைக்குட்டியும்

கர்நாடகத்தில் தேர்தல் வந்துவிட்டால் ஆங்கிலமே அறியாதவர் வாயிலும் புழங்கும் சொல் 'பி பாரம்'. இன்னார்தான் எங்கள் வேட்பாளர், எங்கள் சின்னம் இவருக்கே என்று கட்சி தேர்தல் அலுவலருக்கு எழுதித் தரும் தாள் அது. 1968-ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணைப்படி அதில் உரியவர் மையால் கையெழுத்திட வேண்டும். வேட்புமனுவுக்கான கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் அது போய்ச் சேர வேண்டும். கைக்கு வந்ததும் பலர் அதை நேரே கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சுவாமி பாதத்தில் வைத்து வாங்கிக்கொள்கிறார்கள். மூடநம்பிக்கை என்று சிரிப்பது எளிது. எனக்கோ அந்தச் செய்கையில் ஒரு துல்லியம் தெரிகிறது. தனக்கு ஏன் கிடைத்தது, பத்து வருடம் கொடி கட்டிய இன்னொருவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் மேலிருந்து இறங்கி வருவதற்கு நம் மரபில் பழைய பெயர் ஒன்று உண்டு: அருள். கட்சித் தலைமையை 'மேலிடம்' என்று நம் பத்திரிகைகள் எழுதுவதும் பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது. ஓர் ஊரின் சார்பில் பேசும் வாய்ப்பை ஒரு மனிதர் இன்னொருவருக்கு அருளாக வழங்க முடியுமா? முடியாது என்பது என் கட்சி. அதற்கு நான் சாட்சிக்கு அழைக்கப்போவது அரசியல் அறிஞர்களைவிட, அருளைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்ட வைணவ ஆசாரியர்களை.

பொம்மனஹள்ளியை எடுத்துக்கொள்வோம். ஓசூர் சாலையின் ஆயத்த ஆடை ஆலைகளையும் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டின் மென்பொருள் அலுவலகங்களையும் ஒருசேரக் கொண்ட தொகுதி அது. எல்லை மறுவரையறைக்குப் பின் 2008-இல் முதல் தேர்தலைக் கண்டது. 2008, 2013, 2018, 2023 என்று நான்கு முறையும் பாரதிய ஜனதா வென்றது. நான்கு முறையும் வென்றவர் எம். சதீஷ் ரெட்டி. மக்கள் போட்ட ஓட்டு, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் இப்படிப்பட்ட தொகுதியில் உண்மையான போட்டி வாக்குப்பதிவு நாளில் நடப்பதில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பே, பெரிய கட்சிக்குள், டிக்கெட் யாருக்கு என்ற கட்டத்தில் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்ற இடங்களுக்கும் கட்சிக்குள் முதற்கட்டத் தேர்தல் நடத்துவதன் நியாயம் இதுதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் லா ஃபாலெட் என்ற அரசியல்வாதி அதற்காகப் போராடியபோது, கட்சி மாநாட்டு அறைக்குள் நாலு பேர் முடிவு செய்வதைத் தெருவுக்குக் கொண்டுவருவதே நோக்கமாக இருந்தது. கட்சி பலமாக வேரூன்றிய தொகுதியில் அந்த முதற்கட்ட முடிவே முடிவு. நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. நமக்குச் சடங்கு மட்டும் இருக்கிறது. 2023-இல் மாநிலம் முழுதும் சுமார் 73 விழுக்காட்டினர் வாக்களிக்க, பெங்களூரு நகரம் பாதியைச் சற்றே தாண்டி நின்றது. சோம்பேறி நகரம் என்று திட்டுகிறார்கள். முடிந்துபோன போட்டிக்கு வரிசையில் நிற்கச் சொன்னால் ஆள் குறையத்தான் செய்யும் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்தக் குறை கட்சிகளுக்குத் தெரியாமல் இல்லை. 2014 மக்களவைத் தேர்தலின்போது காங்கிரஸ் சில தொகுதிகளில் தன் நிர்வாகிகளையும் உறுப்பினர்களையும் கொண்டு வேட்பாளர் தேர்தல் நடத்தியது. கர்நாடகத்தில் பெங்களூரு வடக்கும் தட்சிண கன்னடாவும் அதில் சேர்ந்தன. வடக்கில் சி. நாராயணசாமியும் தட்சிண கன்னடாவில் ஜனார்தன பூஜாரியும் தேர்வானார்கள். வடோதராவில் நரேந்திர ராவத் என்பவர் அப்படி வென்றார். பின்பு நரேந்திர மோதி அங்கே போட்டியிடுகிறார் என்றதும், வென்றவர் விலக, மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். கொடுத்த கையே எடுத்துக்கொண்டது. 2023 மார்ச் இறுதியில் கர்நாடக பாரதிய ஜனதா, சட்டமன்ற இடங்களுக்கே, மாவட்ட வாரியாகத் தன் நிர்வாகிகளிடம் சீட்டு எழுதி வாங்கியது. யாருக்கு எத்தனை விழுந்தது என்று வெளியே சொல்லவில்லை. ஏப்ரல் 11-ஆம் தேதி வந்த முதல் பட்டியலில் 189 பெயர்கள், அவற்றில் 52 புதுமுகங்கள். முன்னாள் முதல்வர் ஜெகதீஷ் ஷெட்டருக்கு டிக்கெட் இல்லை என்றானது. ஏன் என்று கேட்டுக்கொண்டே அவர் காங்கிரசுக்குப் போனார், தோற்றார், மறு ஆண்டே திரும்பியும் வந்தார். அவர் கதை கிடக்கட்டும். எண்ணிக்கை சொல்லப்படாத அந்தச் சீட்டுகளே என்னைத் தொந்தரவு செய்கின்றன. போட்டவருக்கு முடிவைச் சொல்லாத ஓட்டை ஓட்டு என்று எப்படிச் சொல்வது? அது விண்ணப்பம். தமிழ்நாட்டுக் கட்சிகள் இதில் நேர்மையானவை. அவை அதற்கு 'விருப்ப மனு' என்றே பெயர் வைத்துக் கட்டணமும் வாங்குகின்றன. கட்டணத்தில் கர்நாடகக் காங்கிரசும் சளைத்ததில்லை: 2023-க்குப் பொதுப் பிரிவினர் 2 லட்சம், பட்டியல் வகுப்பினர் 1 லட்சம் ரூபாய் வரைவோலை வைக்க வேண்டியிருந்தது. உண்டியலில் போடுவதைப் போல.

இனி ஆசாரியர்களிடம் வருவோம். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி சும்மா கிடக்க, தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வேறுபாட்டை ஊர் இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறது. சுருக்கம் என்றாலும், அதற்குப் பின்னால் நிற்கும் கேள்வி கூர்மையானது. இறைவன் ஒருவனுக்கு அருளி இன்னொருவனை விட்டுவிட்டால் அவன் பாரபட்சம் உடையவன் ஆகமாட்டானா? பிரம்ம சூத்திரமே இந்தக் குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு, அவன் உயிர்களின் வினையைப் பார்த்தே செய்கிறான், ஆகையால் பாரபட்சமும் கொடுமையும் அவனுக்கு இல்லை என்று விடை சொல்கிறது. வேதாந்த தேசிகர் அதை இன்னும் இறுக்கினார். அடியவன் பக்கத்தில் சரணாகதி என்ற ஒரு வியாஜம், பேருக்காவது ஒரு முகாந்திரம், இருந்தாக வேண்டும். இல்லையேல் இறைவன் மேல் பழி வரும். ஈரேழு உலகுக்கும் தலைவனாக ஏற்றுக்கொண்ட ஒருவனிடம்கூட, ஏன் இவனுக்கு, ஏன் அவனுக்கு இல்லை என்று கேட்டு, பதில் வரும் வரை விடாமல் நின்ற மரபு இது. அந்த மரபில் வந்த நாம் கட்சி மேலிடத்திடம் அந்தக் கேள்வியை அநாகரிகம் என்று கருதுகிறோம்.

தென்கலையார் வேறு சொல்வார்களே என்று கேட்கலாம். சொல்வார்கள், பிள்ளை லோகாசாரியார் வழியில் அருளுக்குக் காரணமே வேண்டாம். ஆனால் அந்த வாதம் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உயிர் இறைவனின் உடைமை. தன் பொருளை உடையவன் எடுத்துக்கொள்வதற்கு அந்தப் பொருள் என்ன தகுதி காட்டுவது? பூனைக்குட்டி பூனையுடையது, அவ்வளவுதான். ஆக, காரணமற்ற அருள் உடைமையிலிருந்து பிறக்கிறது. இதைக் கட்சிக்குப் பொருத்த விரும்புகிறவர், தொண்டரும் தொகுதியும் தலைமையின் உடைமை என்று முதலில் சொல்லியாக வேண்டும். மேடையில் எவரும் அதைச் சொல்லமாட்டார். இன்னொன்றும் உண்டு: குறைவிலாதவன் கொடுப்பது கடனாகாது, மனிதர் கொடுப்பது கடனாகும். 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்திற்குப் பிறகு கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். பி பாரம் தந்த கையே ஐந்து வருடத்துக்கும் ஓட்டை வசூலிக்கிறது. தொகுதிக்குச் சேர வேண்டிய விசுவாசம் அந்தக் கடனில் வட்டியாகவே தீர்ந்துபோகிறது.

கட்சி ஒரு தனியார் சங்கம், தன் ஆளைத் தான் விரும்பியபடி தேர்ந்துகொள்ளும் என்பது முதல் மறுப்பு. இதே வாதத்தை டெக்சாஸ் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி முன்வைத்தது. எங்கள் சங்கம், வெள்ளையர் மட்டுமே எங்கள் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றது. 1935-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 1944-இல் தன் தீர்ப்பைத் தானே புரட்டிப்போட்டது. யார் ஆள்வது என்பது எந்தக் கட்டத்தில் தீர்மானமாகிறதோ, அந்தக் கட்டத்துக்கும் குடிமக்கள் உரிமை பொருந்தும் என்பதே அதன் சாரம். நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, பதிவு கோரும் கட்சி ஜனநாயகத்தில் பற்று உண்டு என்று உறுதி தர வேண்டும் என்கிறது. வேட்பாளரைத் தேர்வதில் அந்தப் பற்றைக் காட்டச் சொல்லவில்லை. கட்சிகளின் உள்ளமைப்புக்கும் சட்டம் வேண்டும் என்று 1999-இல் சட்ட ஆணையம் தன் 170-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அறிக்கை இருக்கிறது. உட்கட்சித் தேர்வில் வென்றவர்கள் பிறகு தோற்றார்களே என்று 2014-ஐக் காட்டுவதும் உண்டு. நாராயணசாமியும் பூஜாரியும் தோற்றது மெய். அந்த ஆண்டு காங்கிரசுக்கு நாடெங்கும் கிடைத்ததே 44 இடங்கள். அருளால் வந்தவர்களும்தான் தோற்றார்கள்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதை நான் முழுதாக வெல்ல முடியாது. கட்சிக்குள் தேர்தல் வைத்தால் பெரிய சாதியும் பெரிய பணமும்தான் வெல்லும். பெண்ணுக்கும் சிறுபான்மையினருக்கும் ஆள்பலமற்ற சாதிக்காரருக்கும் மேலிடம்தான் துணை என்பது அது. திறந்த முறை என்பதாலேயே நீதி வந்துவிடாது என்பதற்கு நம் வீட்டிலேயே சான்று உண்டு. 10-ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூரில் ஊர்ப் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனை எடுக்கச் சொல்லி, அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்குகிறது. ஆனால் அது பிராமணர் சபை; நிலமும் வேதப் பயிற்சியும் கேட்டது; பெண்ணின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. இதை மறைத்துக்கொண்டு உத்திரமேரூரைக் கொண்டாடுவது எனக்கு உடன்பாடில்லை. எனினும் மறுப்பாளர் கேட்பது தலைமை திருத்தும் உரிமையைத்தானே? தாராளமாகத் திருத்தட்டும். தொண்டர்கள் இன்னாரைச் சொன்னார்கள், இந்தப் பகுதியில் இதுவரை ஒரு பெண்ணையும் நிறுத்தியதில்லை, ஆகவே இவரை நிறுத்துகிறோம் என்று எழுதிக் கையெழுத்திடட்டும். சமூக நீதி வெட்கப்பட வேண்டிய காரணமில்லை, ஒளித்துச் செய்வதற்கு. ஒளிக்கப்படுவதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் வேறு என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. ஓலை யாருக்கு விழும் என்பதைத் தெய்வத்திடமோ தற்செயலிடமோ விட்டுவிட்ட அந்தச் சபை, வாங்கும் கையை மட்டும் எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டது.

2023 மே 13-இல் எண்ணி முடித்த பின், பொம்மனஹள்ளியின் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் எத்தனை விழுந்தது என்பதைப் படிவம் 20 வரிசையாகத் தருகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அதற்கு ஆறு வாரம் முன்பு கட்சி நிர்வாகிகள் எழுதிப் போட்ட சீட்டுகளுக்கு அப்படி ஒரு படிவம் கிடையாது.