துண்டுதான், தூசியல்ல!

"நமக்கெல்லாம் ஓவியம் வருமா?" என்று கேட்கிறாயா தம்பி? வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் உன் அம்மாவிடம் போய்க் கேள். சிரிப்பார்.

புஞ்சாக் ஆலாமில் உன் தாமானை ஒருமுறை சுற்றி வா. விடிந்ததும் நாசி லெமாக் விற்கும் மக்சிக், மோட்டார் பட்டறைச் சீனர், யுஐடிஎம்-மில் படிக்க வந்து அறையெடுத்துத் தங்கும் பிள்ளைகள், தோட்டத்து லயத்தை விட்டு வந்த உன் தாத்தா. ஒரே தெருவில் எத்தனை மொழி, எத்தனை தாளிப்பு வாசம்! தெருமுனைச் சுவரில் மட்டும் என்ன இருக்கிறது? பாசியும், வட்டி முதலைகள் ஒட்டிய விளம்பரமும். வெட்கமாக இல்லை?

அந்தச் சுவரைப் பிடி! ஆளுக்கொரு துண்டாக வரைந்து, ஒட்டி, ஒரே ஓவியமாக்கு!

கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் முகப்பைப் பார்த்திருப்பாய். 1963இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில், சுமார் 35 மீட்டர் நீளத்தில் இரண்டு மாபெரும் சுவரோவியங்கள். ஒன்றில் நாட்டின் வரலாறு, மற்றொன்றில் கைத்தொழில்கள். வடிவமைத்த சியோங் லாய் தோங், சீனாவில் பிறந்து சிறுவயதில் மலாயா வந்தவர். கிட்டே போய்ப் பார். அத்தனையும் கண்ணாடிச் சில்லுகள்! தனியே கிடந்தால் குப்பை. சேர்ந்ததால் ஒரு நாட்டின் முகம்.

துண்டு என்ற சொல் நமக்குப் புதிதா? பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டினார்கள். அந்தப் பத்துப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின! அவர்களின் பேரப்பிள்ளை நீ. உனக்கு ஒரு சுவர் பெரிதா?

வழி எளிது. வீட்டுக்கு ஒரு பொருள் கேள்: தாத்தாவின் பால்வெட்டும் உளி, மக்சிக்கின் பாத்திக் துணி, சீனர் வீட்டுச் சிவப்பு விளக்கு. தாளில் வரைந்து, வெட்டி, ஒட்டிப் பார். தாளில் கட்டம் போடு. சுவரில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போடு. புள்ளிக்கோலம் தெரிந்த கைக்கு இது பழகிய கணக்கு! கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேள். பாசியைச் சுரண்டி அடிச்சாயம் பூசு; சோம்பினால் அடுத்த மழையில் ஓவியம் உரியும்.

"படம் வரைந்தால் சோறு வருமா?" என்பார்கள். சென்னைக் கண்ணகி நகரைக் காட்டு. முகவரியைச் சொன்னாலே வேலைதர முகம் சுளித்த குடியிருப்பு அது. 2020 வாக்கில் அதன் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்கள் எழுந்தன. ஒதுங்கிப் போனவர்கள் தேடி வந்து பார்த்தார்கள். சோறு உடனே வராது. நிமிர்ந்து ஊர்பேர் சொல்லும் துணிவு வரும். அது வந்தவன் பட்டினி கிடப்பதில்லை!

நீ துண்டுதான், தூசியல்ல. உன் இடத்தில் வேறு எந்தச் சில்லும் பொருந்தாது. நீ வராவிட்டால் அந்தக் கட்டத்தில் வெறும் சிமெண்டுதான் தெரியும்.

வரும் ஞாயிறு, வாளியோடு வா!