இல்லறத்தான் விருப்பங்கள் பக்திக்குத் தடையாமோ?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவிழாக் காலத்தில் பெருமாள் ஸந்நிதியில் கைகூப்பி நிற்போரில் பெரும்பாலோர் இல்லறத்தாரே. தோளில் பிள்ளையைச் சுமந்தவர், மகளின் கையைப் பற்றியவர், துணைவியாரின் பின்னே துளசி மாலையோடு வருபவர் என்று திருக்கூட்டம் நிறைந்திருக்கும். திரை விலகி எம்பெருமான் ஸேவை ஸாதிக்கும் அந்தக் கணத்தில், தந்தை ஒருவனின் நெஞ்சில் எழுவது யாது? மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. மகன் தேர்வு எழுதியிருக்கிறான். கொல்லையில் பலா பிஞ்சு விட்டிருக்கிறது. வீட்டில் மூத்தவளுக்குப் பிடித்த புளியோதரை இங்கே பிரசாதமாகக் கிடைத்தால் கொண்டு போகலாம். இவ்வளவும் ஒரே மூச்சில் எழுந்து விடுகின்றன. திரை மூடிய பின்னர், "பெருமாளை நினைக்க வந்து வீட்டை அல்லவா நினைத்து நின்றேன்!" என்று அவன் நொந்து கொள்கிறான். அவ்வாறு அவன் நொந்து கொள்ளத்தான் வேண்டுமா என்பது ஆராயத் தக்கது.

குரு பகவானால் பெயர் பெற்ற ஆலங்குடி வேறு. புதுக்கோட்டைச் சீமை ஆலங்குடி வேறு. 1974-ஆம் ஆண்டில் தனி மாவட்டமான புதுக்கோட்டையில், செம்மண் பூமியாக விளங்குவது இந்தப் பின்னைய ஆலங்குடிப் பகுதி. வடகாடும் கீரமங்கலமும் சூழ்ந்த இப்பக்கம் பலாவுக்கும் பூவுக்கும் பேர் பெற்றது. இங்குள்ள குடியானவத் தந்தை ஒருவனின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன் எழுந்து முல்லையும் மல்லிகையும் பறித்துக் கீரமங்கலம் பூச்சந்தைக்கு அனுப்புகிறான். அனுப்புமுன் மகளின் தலைக்கென்று ஒரு கை பூவை எடுத்து வைக்கிறான். பருவம் வந்தால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாவை அறுக்கிறான். முதற்சுளை இளைய மகனுக்கு. மாலையில் மூத்த மகன் காளைக்கு மண் குத்தப் பழக்குவதைத் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறான். தை பிறந்தால் வாடிவாசல் திறக்கும் அன்றோ! இரவில் தன் தகப்பனார் விட்டுச் சென்ற வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டாரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு உறங்குகிறான். குடும்பம், உணவு, விளையாட்டு, பிரியமான பொருள் ஆகிய நான்கினுள் அவனுடைய நாள் அடங்கி விடுகிறது. இதில் பகவானுக்கு இடம் எங்கே?

இக்கேள்வியை எழுப்புவோர்க்கு ஸ்ரீமத் பாகவதத்திலேயே ஒரு சான்று கிடைக்கும். ஹிரண்யகசிபு தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "எது நல்லது என்று நீ நினைக்கிறாய்?" என்று ஆசையோடு வினவினான். உலகத்துத் தந்தையர் எல்லாரும் கேட்கும் கேள்விதான் அது. ப்ரஹ்லாதாழ்வானோ, வீடு என்பது மனிதனை வீழ்த்தும் பாழுங்கிணறு, அதை விட்டு வனம் சென்று ஹரியைச் சரணடைவதே நன்று என்று விடையிறுத்தான். அவ்வாறாயின் பலாச்சுளையும் பூச்சரமும் அந்தக் கிணற்றின் படிகள்தாமோ?

அவசரப்பட வேண்டா. அந்தச் சரித்திரத்தையே இறுதிவரை பார்த்தால் விடை கிடைத்து விடுகிறது. ப்ரஹ்லாதன் வனம் சென்றானில்லை. அரசு ஏற்றான், இல்லறம் நடத்தினான், விரோசனனுக்குத் தந்தையானான், மஹாபலிக்குப் பாட்டனானான். அது மட்டுமா? அவனைக் காக்க வந்த நரசிம்மப் பிரான் எங்கிருந்து தோன்றினான்? காட்டு மரத்திலிருந்தன்று, அந்த மாளிகையின் தூணிலிருந்தே தோன்றினான். ஹிரண்யன் வீடு பாழுங்கிணறாயிற்று என்றால், பகவானுக்கு அங்கே இடமில்லை என்று அவன் ஆணையிட்டிருந்ததே காரணம். குழந்தைக்குத் தன் இல்லம் பகையாகவில்லை. "யான், எனது" என்ற செருக்கே பகையாயிற்று.

ப்ரியம் என்பது எங்கிருந்து வருகிறது என்பதை உபநிஷத்தும் விசாரித்திருக்கிறது. ப்ருஹதாரண்யகத்தில் யாஜ்ஞவல்க்யர் மைத்ரேயிக்குச் செய்த உபதேசம் பிரசித்தம். கணவனும் மனைவியும் மக்களும் பொருளும் நமக்குப் பிரியமாயிருப்பது அவரவர் பொருட்டன்று, ஆத்மாவின் பொருட்டே என்கிறார் முனிவர். இதைத் தன்னலம் என்று கொள்வாரும் உளர். ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் அருளிய பொருள் வேறு. அங்கே ஆத்மா என்றது பரமாத்மாவை. "நான் இவனுக்குப் பிரியமாயிருப்பேனாக" என்று தானே ஸங்கல்பித்துக்கொண்டு எந்தப் பொருளும் பிரியமாகி விடுவதில்லை. பரமனுடைய ஸங்கல்பத்தாலேயே அது பிரியமாகிறது. ஒருவனுக்குத் தேனாய் இனிக்கும் பலா மற்றொருவனுக்குக் கசக்கிறது; நேற்று இனித்தது இன்று நோயாளிக்கு இனிப்பதில்லை. ஆதலின் மகளின் சிரிப்பில் தந்தை காணும் இனிமை, எம்பெருமான் தன் திருவுள்ளத்தால் அங்கே வைத்த இனிமையே. கொடுத்தவன் கையை அறியாமல் கொடுத்ததை மட்டும் பற்றுவதே அறியாமை.

தந்தையன்பு பக்திக்குத் தடையன்று என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரைவிடச் சிறந்த ஸாட்சி வேண்டுமோ? நந்தவனம் வைத்துத் திருமாலை கட்டிய அம்மஹான், பாண்டியன் ஸபையில் பரதத்துவ நிர்ணயம் செய்து கிழி அறுத்தார் என்று குருபரம்பரை பேசும். அத்தகைய பண்டிதர் பாடியருளியது என்ன? திருப்பல்லாண்டும் பெரியாழ்வார் திருமொழியும் சேர்ந்த 473 பாசுரங்களில், கண்ணனின் பிள்ளைப் பருவத்தைத் தாய் நிலையில் நின்று அவர் அனுபவித்தவை மிகப் பல. தொட்டில் இடுகிறார், சந்திரனை அழைக்கிறார், சப்பாணி கொட்டச் சொல்கிறார், தளர்நடை கண்டு மகிழ்கிறார், பின்னே வந்து தழுவும் விளையாட்டுக்கும், அப்பூச்சி காட்டி அச்சுறுத்தும் விளையாட்டுக்கும் தனித் தனிப் பதிகம் அமைக்கிறார். காது குத்தப் பிள்ளை இணங்காதபோது பழம் தருவேன், அப்பம் தருவேன் என்று ஆசை காட்டுகிறார். நீராட்டும்போது சிற்றுண்டி சுட்டு வைத்திருப்பதாகக் கூறி அழைக்கிறார். செண்பகம், மல்லிகை, பாதிரி என்று ஒவ்வொரு பூவாகச் சொல்லிச் சூட்ட வரச் சொல்கிறார்.

ஆலங்குடித் தந்தையின் நாளில் கண்ட அதே நான்கும் இங்கேயும் இருக்கின்றன. குடும்பம் உண்டு, உணவு உண்டு, விளையாட்டு உண்டு, பிரியமான பொருள் உண்டு. ஆழ்வார் இவற்றில் ஒன்றையும் விலக்கவில்லை. யாவற்றையும் கண்ணன்பால் திருப்பி விட்டார். பரப்ரஹ்மத்துக்குக் கண்ணேறு படுமோ என்று அஞ்சிக் காப்பிட்டவர் அவர். தம்மைக் காப்பவனுக்கே பல்லாண்டு பாடியவர் அவர். ஞானியர் இதைப் பிழை என்றனரோ? இல்லை. பொங்கும் பரிவு என்று கொண்டாடி, அவருக்குப் "பெரியாழ்வார்" என்ற திருநாமமே சாற்றினர்.

அங்ஙனமாயின் எல்லாப் பற்றும் நன்றே என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. திருதராஷ்டிரனும் ஒரு தந்தைதான். விதுரர் தடுத்தும் கேளாமல் சூதாட்டத்துக்கு இசைந்தான். ஒவ்வொரு பந்தயத்திலும் தன் மகன் பக்கம் வென்றதா, வென்றதா என்று மகிழ்ச்சியை அடக்க மாட்டாமல் வினவினான். மகன்மேல் வைத்த அன்பு, பிறர் மக்களின் துயரைக் காண ஒட்டாமல் அவனுடைய அகக் கண்ணையும் மறைத்தது. பரதன் என்னும் ராஜரிஷி அரசைத் துறந்து தவத்திலிருந்தார். தாயிழந்த மான்குட்டியை எடுத்து வளர்த்தார். இறுதியில் அதையே நினைத்து உயிர் நீத்து மானாகவே பிறந்தார். துறவிக்கும் பற்று வரும் என்பதற்கு அவர் சான்று. மான்குட்டியைக் காத்தது கருணையே. அதைத் தம்மிடம் ஒப்படைத்தவனை மறந்ததே குற்றமாயிற்று. இவ்விருவருக்கும் பெரியாழ்வாருக்கும் உள்ள வேற்றுமை அன்பின் அளவில் இல்லை. "என்னுடையது" என்று பற்றினார் இவர். "அவனுடையது, என்னிடம் இருக்கிறது" என்று போற்றினார் அவர்.

இந்த வேற்றுமையை நாள்தோறும் பழகுவதற்கு ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் எம்பெருமானார் ஏழு ஸாதனங்களை எடுத்துக் காட்டுகிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. இவற்றில் முதலாவதான விவேகம் சோற்றுத் தட்டிலேயே தொடங்குகிறது என்பது வியப்பன்றோ! இயல்பாலும், உடையவனாலும், நேர்ந்த காரணத்தாலும் குற்றப்படாத உணவை உண்டு உடலைத் தூய்மையாக்குவதே விவேகம். பிள்ளைக்குப் பிடித்த பண்டம் என்று தந்தை வாங்கி வரும்போது, அது நேர்மையான பொருளால் வந்ததா என்ற கேள்வியும் அதனுள் அடங்கும். விமோகமாவது ஆசையின் பிடிக்கு ஆட்படாமை. க்ரியையாவது ஐவகை வேள்விகளைச் சக்திக்கு இயன்றவாறு செய்தல். விருந்தினர்க்கு இடுவதும் பிற உயிர்க்கு ஒரு பிடி வைப்பதும் அவற்றில் சேரும். கல்யாணமாவது ஸத்யம், நேர்மை, தயை, தானம் முதலியன. முதற்சுளையைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிப் பிறகு மகனுக்குக் கொடுத்தால் சுளையின் இனிமை குறைந்தா போகும்? மகன் உண்பது அப்போது பிரசாதமாகி விடுகிறது. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவான் உண்பதை விடச் சொல்லவில்லை. உண்பதைத் தனக்கு அர்ப்பணமாக்கச் சொன்னான்.

விளையாட்டுக்கும் இதே முறைதான். ஜல்லிக்கட்டு 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நின்றது. 2017-இல் சட்டத் திருத்தத்தால் மீண்டது. 2023-இல் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. நப்பின்னைப் பிராட்டியை மணக்க ஏழு எருதுகளை அடக்கிய பிரானின் அடியார்க்கு ஏறு தழுவுதல் புதிதன்று. ஆயினும் மகன் வளர்த்த காளை பிடிபடாமல் வெளியேறும் நாளில் தந்தை எப்படி இருக்கிறான்? பிடிபட்ட நாளில் எப்படி இருக்கிறான்? வெற்றியில் தலைகால் தெரியாமல் குதியாமை அநுத்தர்ஷம். தோல்வியில் சோர்ந்து விழாமை அநவஸாதம். வென்றபோது அண்டை வீட்டான் காளையை இகழாமலும், தோற்றபோது தன் காளையைப் பட்டினி போடாமலும் இருப்பவன் வாடிவாசலிலும் யோகம் பயில்கிறான்.

இப்பயிற்சியின் பயன் சோதனை வரும் நாளில்தான் விளங்கும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்து இப்பக்கத்தின் மேல் வீசிச் சென்றது. தகப்பனார் நட்ட பலாவும் தாம் நட்ட தென்னையும் ஓர் இரவில் வேரோடு சாய்ந்து கிடக்கக் கண்டவர் ஆலங்குடி வட்டாரத்தில் பலர். பிள்ளைபோல் வளர்த்த மரம் என்பது அவர்களுக்கு உபசார வார்த்தையன்று. அப்போது அழுதவன் பக்தியில் குறைந்தவன் என்று யாரும் சொல்லத் துணியார். நடந்த துயரையே நினைந்து நினைந்து மனம் செயலற்றுப் போவதைத்தான் சாஸ்திரம் விலக்குகிறது, கண்ணீரை விலக்கவில்லை. விழுந்த மரத்தை அறுத்து அகற்றிவிட்டு, அதே குழியருகில் மற்றொரு கன்றை ஊன்றினவன் எவனோ, அவன் அநவஸாதத்தை ஏட்டில் படியாமலே அறிந்தவன். விதையிலிருந்து எழும் பலா காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். முதிய வயதில் அதை நடுபவன் தன் நாவுக்காகவா நடுகிறான்? பயனைப் பிறர்க்கும் பகவானுக்கும் விட்டுவிட்டுச் செய்யும் கர்மம் என்று கீதை சொல்வதற்கு இதனினும் வேறு உதாரணம் தேட வேண்டா.

மரத்தைவிடக் கடினமான சோதனை ஒன்று உண்டு. அது மகளை அனுப்பும் நாள். பெரியாழ்வார் துளசி நடுவே கண்டெடுத்து வளர்த்த கோதை, பெருமாளுக்கென்று கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்தாள். ஆழ்வார் பதறி வேறு மாலை கொண்டு சென்றார். அவள் சூடியதே தனக்கு வேண்டும் என்றான் எம்பெருமான். பெண் பிள்ளையின் ஆசை படிந்த மாலையை அசுத்தம் என்று அவன் தள்ளவில்லை என்பதை இல்லறத்தார் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். பின்னர் அம்மகளையே அவன் வேண்டியபோது திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று கொடுத்தார். கொடுத்தவர் கல்லாகவா இருந்தார்? ஒரே மகளைத் திருமாலிடம் இழந்து, அவளில்லாத வீட்டில் ஏங்கும் தாயின் பேச்சாக ஒரு பதிகமே அவருடைய திருமொழியில் இருக்கிறது. கொடுத்ததும் மெய், ஏங்கியதும் மெய். ஏக்கம் கொடையைக் கெடுக்கவில்லை. ஏக்கமே இல்லாதவன் கொடுப்பது எங்ஙனம் கொடையாகும்?

ஆகவே ஸந்நிதியில் நிற்கும் தந்தை நொந்து கொள்ள வேண்டுவதில்லை. மகள் நினைவு வந்தால் அவளையும் அழைத்து வந்து திருவடியில் நிறுத்தியதாக எண்ணட்டும். பலா நினைவு வந்தால் அது அவன் தோட்டம் என்று எண்ணட்டும். காளை நினைவு வந்தால், ஏழு எருதுகளை அடக்கிய பிரானை எண்ணட்டும். அவ்வாறு எண்ணப் பழகினால் வீட்டை நினைப்பதும் பெருமாளை நினைப்பதாகவே முடியும். ஆலங்குடியிலிருந்து திருமெய்யத்துக்கும் திருவரங்கத்துக்கும் ஸேவிக்கச் செல்லும் அடியார்கள் திரும்பி வரும்போது பிரசாதப் பொட்டலத்தைப் பத்திரமாக மடித்து மடியில் வைத்துக் கொள்கிறார்கள். யாருக்காக? வீட்டில் இருப்பவர்க்காகத்தான். அதைக் கண்டு எம்பெருமான் திருவுள்ளம் உகக்குமே யல்லது வருந்தாது.

இல்லம் தோறும் நல்லன்பு தழைக்க. அவ்வன்பு எம்பெருமான் திருவடியில் சென்று சேர்க. சுபம்.