மறைந்து நின்று புரக்கும் நீர்



காணப்படும் பொருளின் நிலையைக் காணப்படாத பொருள் நின்று நடத்தும் என்பது நம் நூல்களின் துணிபு. இதனை உலகியலில் வைத்துத் தெளிதற்குத் திபெத்துப் பீடபூமியின் கீழ்பாலுள்ள சோய்கே என்னும் மலைப்புற்றரையை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

அது சீனதேயத்துச் சிச்சுவான், கான்சு மாகாணங்களில், மஞ்சள் ஆற்றின் மேற்பகுதியில், கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்திற் பரந்து கிடப்பது. சேய்மையினின்று நோக்குவார்க்கு ஒரே பச்சைப்படாம் விரித்தாற்போலத் தோன்றும். அணுகி நோக்கினாலோ, ஒருபாற் கோரையும், ஒருபாற் குறும்புல்லும், ஒருபாற் பூஞ்செடிகளும் வகுத்து நட்டாற்போல நிற்கும். மழை ஒன்று; வெயில் ஒன்று; குளிரும் ஒன்று. அற்றேல் இவ்வேறுபாடு எதனான் வந்தது எனின், கூறுதும்: நிலத்தடி நீர் எத்துணை ஆழத்தில் நிற்கின்றது என்பதே தலையாய காரணமாம்.

பள்ளங்களில் நீர் மண்மட்டத்தை ஒட்டியும் அதன் மேலும் நிற்கும். நீர் நிறைந்த மண்ணிற் காற்றுப் புகாது. காற்றின்றி வேர் வாழாது. ஆதலின் புற்கள் பலவும் ஆண்டு அழுகியொழியும். கோரைகளோ தண்டினும் வேரினும் நுண்ணிய காற்றறைகளை உடையன. மேலே பெற்ற காற்றை அவ்வழியே வேருக்குச் செலுத்திப் பிழைக்கும். நீர் சிறிது கீழிறங்கிய இடத்தில், தாவரநூலார் கோபிரீசியா என்னும் செடிகள் திட்டுத்திட்டாகத் திரண்டு நிற்கும். இன்னும் ஆழ்ந்த மேட்டுநிலத்திற் புற்களும் பலநிறப் பூஞ்செடிகளும் குடிகொள்ளும். ஒரு சாண் வேற்றுமை ஓரினத்தை நீக்கி மற்றோரினத்தை அமர்த்துகின்றது.

நீர் அணித்தாயிருத்தலே உயர்வு, சேய்த்தாயிருத்தல் தாழ்வு ஆகாதோ எனின், அன்று. கோரைக்கு உயிராகிய நீர்ப்பெருக்கு மேட்டுநிலப் பூஞ்செடிக்குக் கேடாம். ஆசிரியர் மாணாக்கனது பக்குவம் நோக்கியே சரியை முதலிய நாற்பாதங்களில் நிறுத்துவர். சரியைக்குரியானிடத்து ஞானநுட்பத்தைப் பெய்தல், வேருக்குக் காற்றில்லாதவாறு நீரை நிறைத்தல் போல்வதாம்.

இனி, அந்நிலத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கருதுவாம். குளிரும் நீரும் மிக்க அச்சதுப்பில் இறந்த வேரும் இலையும் முற்றும் மட்குவதில்லை. அவை பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து, பஞ்சுபோல் நீரை ஏந்தும் கரிய மண்ணாயின. 1960, 1970 ஆகிய பத்தாண்டுகளில் மேய்ச்சல் நிலத்தைப் பெருக்கக் கருதியோர் சதுப்புக்களை ஊடறுத்து வாய்க்கால்கள் வெட்டி நீரை வடித்தனர். மேலே உள்ள புல்லை அவர் கண்டனர். கீழே உள்ள நீரைக் கண்டிலர். நீர்மட்டம் தாழ்ந்தது, மண்ணுட் காற்றுப் புகுந்தது. பல்லாயிரம் ஆண்டு சேர்ந்த பொருள் மட்கி வளியாய்ப் போயிற்று, நிலமும் அமிழ்ந்தது. கோரை குறைந்தது, வறள்நிலச் செடிகள் பரவின, வளைதோண்டும் எலியினங்கள் பெருகின, சிலவிடங்கள் மணலாயின. ஊதியம் கருதி வெட்டிய வாய்க்கால் முதலையே கொண்டு சென்றது.

பின்னாளில் அவ்வாய்க்கால்களைக் குறுக்கே அடைக்கும் பணி தொடங்கிற்று. அடைத்தால் நீர் விரைவில் ஏறும். ஆனால் அக்கரிய மண்ணோ ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர் வளர்தலும் அரிது. அழித்தற்கு ஒரு தலைமுறை போதும். ஆக்குதற்குப் பல்லாயிரம் ஆண்டு வேண்டும்.

நீர் சடம், திருவருள் சித்து; ஆகலின் இவ்வுவமை ஒருபுடையொப்பே என்க. நீர் ஓரிடத்து அணித்தாயும் ஓரிடத்துச் சேய்த்தாயும் நிற்கும். அருளோ எங்கும் நீக்கமற நிறைந்தது. வேறுபாடு உயிர்களின் பக்குவத்தான் வருவது. ஆயினும் மறைந்து நின்று புரத்தல் இரண்டிற்கும் ஒக்கும். திரோதான சத்தி மறைந்து நின்றே மலத்தைப் பக்குவப்படுத்தும் என்பதனைக் கற்றோர் அறிவர்.

மடாலயங்களிற் குரவர் வழிவழியாக ஓதியும் ஓதுவித்தும் சேர்த்த கல்வியும் ஒழுக்கமும் அக்கரிய மண்ணை ஒப்பன. விழாவின் பொலிவும் கூட்டத்தின் பெருக்கமும் மேற்புல்லே. அவற்றைப் பெருக்குவான் வேண்டி நாள்தோறும் நிகழும் பாடத்தை நிறுத்துவோமாயின், நாமும் வாய்க்கால் வெட்டினவராவோம். முன்னரே வெட்டியது உளதேல், அதனை இன்றே அடைத்தல் நம் கடன். வடித்ததனை உடனே மீட்டல் இயலாதாயினும், எஞ்சியதனைக் காத்தல் இயலும்.

திருச்சிற்றம்பலம்.