வேந்தனின் கடன்

கணபதி மில்லும் ஃபவுண்டரியும் பம்புசெட்டு மோட்டாரும் வளர்த்த ஊர். இங்கே வகுப்பில் 'கடன்' என்று சொன்னால் மாணவியருக்குப் புறநானூறு நினைவுக்கு வராது, சுயஉதவிக்குழுத் தவணைதான் வரும். பழந்தமிழில் அது கடமைக்கான சொல் என்று விளக்க வேண்டியிருக்கிறது. பொன்முடியாரின் 312ஆம் பாட்டில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் கடன் உண்டு. பெற்று வளர்ப்பது தாயின் கடன். மகனுக்கும் ஒரு கடன் உண்டு, மகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

2025 தொடக்கத்தில் ஒரு தீர்ப்பைப் படித்தபோது இந்தப் பாட்டுதான் நினைவில் ஓடியது. அரசு மருத்துவக் கல்லூரியில் முதுநிலை அறுவை மருத்துவம் படித்த ஒரு பெண். படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு அரசு மருத்துவமனையில் வேலை செய்வேன், தவறினால் 40 லட்சம் கட்டுவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். ஓராண்டு திட்டக்குடி மருத்துவமனையில் வேலை பார்த்தார், பிறகு மகப்பேறு விடுப்பில் போனார். விடுப்புக் காலம் கணக்கில் சேராது என்று சான்றிதழ்களைத் தர மறுத்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். முதலில் தோற்றார், மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அந்த விடுப்பும் பணிக்காலமே என்றது.

பெற்றுத் தருவதைப் பெண்ணின் தலையாய கடனென்று பாடிய சமூகம், அவள் பெற்றபோது அதைக் கடன் தவறியதாக எழுதிவைத்தது. நிரந்தரப் பணியிலிருக்கும் அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு தரும் அதே அரசுதான்.

அதற்காகப் பத்திரமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அந்த இடம் மக்கள் பணத்தில் உண்டானது. கட்டாயப் பணி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. சிற்றூர் மருத்துவமனையில் வலியோடு படுத்திருப்பவளும் பெண்தான், உண்மையில் கடன் கொடுத்தவள் அவள். அவளுக்கு வர வேண்டியது ஒரு மருத்துவரின் கை. அதை 40 லட்சமாக மாற்றியதும், வசதியுள்ள வீட்டார் பணத்தைக் கட்டிவிட்டு மகனை வெளிநாடு அனுப்பலாம், இல்லாத வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு திட்டக்குடிக்குப் போக வேண்டும். பணம் கருவூலத்துக்குப் போய்ச் சேரும், அவளுக்குப் பிரசவம் பார்க்காது. (பின்னாளில் காலமும் தொகையும் குறைக்கப்பட்டன. கோளாறு அப்படியே இருக்கிறது.)

இனி வேந்தனின் கடனுக்கு வருவோம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது. 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டாண்டில் பணி நிரந்தரம் என்பது அவர்களைச் சேர்க்கக் காட்டிய ஆசை. இரண்டாண்டு கடந்தும் பெரும்பாலோருக்கு அது வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அதற்குப் பிறகும் பல முறை உட்கார்ந்தார்கள்.

இவர்கள் சொன்ன சொல்லுக்கு மேலேயே வேலை செய்தவர்கள். தவறியது அரசு. ஆனால் அரசின் எந்தச் சான்றிதழை இவர்கள் பூட்டிவைக்க முடியும்? மருத்துவரின் பாக்கிக்குப் பத்திரம் இருக்கிறது, தொகை இருக்கிறது. அதைத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால்கூட ஒரு கோப்பு நகர வேண்டும், ஒருவர் கையெழுத்திட வேண்டும். செவிலியரின் பாக்கி எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. கடன் என்றே ஒப்புக்கொள்ளாததைத் தள்ளுபடி செய்யவும் தேவையில்லை, காலம் பார்த்துக்கொள்ளும். வயது ஏறும், அவ்வளவுதான்.

எங்கள் பகுதிப் பெண்களுக்கு இது புதிதல்ல. கொங்கு நாட்டு நூல் மில்களின் சுமங்கலித் திட்டம் இதே வாய்பாடுதான். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். இடையில் உடம்பு முடியாமல் வீடு திரும்பியவளுக்கு அந்தத் தொகை கிடையாது. என் மாணவி ஒருத்தியின் அக்கா இரண்டே முக்கால் வருடம் வேலை செய்து மஞ்சள் காமாலையோடு வந்தவள். 'உங்க அக்காளுக்கு மில்லுக்காரங்க எவ்வளவு பாக்கி?' என்று கேட்டேன்.

'பாக்கியா? அவதானுங் மிஸ் பாதியில விட்டுட்டு வந்தா' என்றாள் அவள்.