கொடி ஏறும் முன் நாயின் தட்டைப் பாருங்கள்

ஆடி அமாவாசையை முதல் நாளாக எண்ணினால், ஆறாம் நாள் நல்லூரில் கொடி. அதற்கு முன்னேயே யாழ்ப்பாணத்து வீடுகள் ஒடுங்கத் தொடங்கிவிடும். மச்சச் சட்டியைத் தேய்த்துக் கழுவிக் கோடிப்பக்கம் கவிழ்த்து வைப்பார்கள். குசினி கழுவப்படும், கத்தரிக்காயும் வாழைக்காயும் கூடைகூடையாக வந்து இறங்கும். படலையடியில் படுத்திருக்கிற நாயைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. முதல்நாள் வரை சூடைமீன் தலையும் சோறும் தின்ற நாய்க்குக் கொடியேற்றத்தன்று பருப்பும் சொதியும் விழுகிறது. இரண்டாம் நாள் வயிற்றாலடி. 25ஆம் நாள் தீர்த்தம் முடிந்து வீட்டில் ஆட்டிறைச்சி காய்ச்சினால், அது வரைக்கும் மரக்கறி தின்ற அதே வயிற்றுக்குள் கொழுப்பும் எலும்பும் ஒரே நேரத்தில் போகின்றன. அன்றிரவு முழுக்கச் சத்தி.

வருடாவருடம் நடக்கிற இந்தக் கொடுமையை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். விரதம் பிடிப்பவர் நீங்கள். நாய் எந்த நேர்த்தியும் வைக்கவில்லை.

உங்கள் சைவத்தை நான் குறை சொல்ல வரவில்லை. சோறும் பருப்பும் நாய்க்கு விஷமல்ல. நாய் ஓநாயின் வழி வந்ததுதான், ஆனால் மனிதரின் அடுப்படியில் கிடந்து கிடந்து அதன் உடம்பே மாறிவிட்டது. சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதியது இது: மாச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான், நாய்களிடம் 4 முதல் 30 வரை. ஆகவே நம் நாய் சோறு தின்னப் பழகியதே. பிழை சோற்றில் இல்லை, நம் அவசரத்தில் இருக்கிறது.

குடலுக்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வருகிற தீனிக்கு ஏற்றவை பெருகும், மற்றவை ஒடுங்கும். கணையமும் அப்படித்தான்: வழக்கமாக வரும் கொழுப்புக்கும் புரதத்துக்கும் மாச்சத்துக்கும் அளவாகச் சாறு சுரந்து பழகியிருக்கும். தீனியை ஒரே நாளில் மாற்றினால் பாதி செரிக்காமலே பெருங்குடலுக்கு இறங்கும், அங்கே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முற்றத்தில் நீங்கள் முகம் சுளித்துக்கொண்டு மண் அள்ளிப் போட்டு மூடுவது அதைத்தான். உள்ளே இந்த ஒழுங்கு மாறச் சில நாட்கள் வேண்டும். அந்த நாட்களைக் கொடுங்கள் என்பதுதான் என் மன்றாட்டம்.

“நாய்தானே, எதைப் போட்டாலும் தின்னும், ஒண்டும் செய்யாது” என்று அடுத்த வீட்டு அண்ணை சொல்வார். அவர் சொல்வதில் பாதி உண்மை. சந்தியில் திரிகிற நாய் காலையில் பாண் துண்டு, மத்தியானம் மீன்செதில், இரவில் கடைக் கொத்து என்று எல்லாம் கண்டது. அதன் குடல் எதற்கும் தயார். வருடக்கணக்காக ஒரே சட்டியில் ஒரே தீனி தின்கிற வளர்ப்பு நாய்க்கு அந்தப் பயிற்சி இல்லை. ஒழுங்காக வளர்க்கிறோம் என்று பெருமைப்படுகிறவர்களின் நாய்க்குத்தான் இதில் ஆபத்துக் கூட.

ஏழு நாள் ஒதுக்குங்கள். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னே தொடங்கினால் கணக்குச் சரியாக வரும். முதல் இரண்டு நாள் முக்கால் பங்கு பழைய தீனி, கால் பங்கு புதியது. அடுத்த இரண்டு நாள் பாதிக்குப் பாதி. பிறகு இரண்டு நாள் கால் பழையது, முக்கால் புதியது. ஏழாம் நாள் முழுக்கப் புதியது, மறுநாள் கொடி. இடையில் அமாவாசையன்று தகப்பனுக்கு விரதம் பிடிக்கிற வீட்டில் மச்சம் இராது. முதல்நாளே மீனை உப்புத் தூளில்லாமல் அவித்து, நாயின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். எந்தப் படியிலாவது மலம் இளகினால் முன்னைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். வயதான நாய்க்கும் அடிக்கடி வயிறு கெடும் நாய்க்கும் பத்து நாளுக்கு மேலும் எடுக்கலாம்.

குட்டிகளையும் சினைப்பட்ட நாயையும் பால் கொடுக்கிற தாயையும் பருப்புச் சோற்றில் 25 நாள் தள்ளாதீர்கள். அவற்றுக்குப் புரதம் காணாது. வளவின் ஒரு மூலையில் மூன்று கல் வைத்துச் சிரட்டையை எரித்து, தனிச் சட்டியில் மீன் அவியுங்கள். குசினிக்கு ஒரு குறையும் வராது. அம்மம்மா முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

விரத நாட்களுக்கென்று கடையில் பைக்கற்றுத் தீனி வாங்கி வந்து, கொடியேற்றத்தன்று கிண்ணம் நிறையக் கொட்டுகிறவர்களும் உண்டு. குசினி சுத்தமாக இருக்கும், நாயின் வயிறு மட்டும் கலங்கும். பைக்கற்றும் அதற்குப் புதிய சாப்பாடுதான். 2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்து இறக்குமதிச் சாமான்கள் கைக்கெட்டாமல் போனபோது இதே பாடம் மறுபக்கமாக வந்தது. பைக்கற்றையே தின்று வளர்ந்த நாய்கள் ஒரே இரவில் சோற்றுக்கு இறங்க வேண்டியிருந்தது. கடைசிப் பை பாதியாகும்போதே கலக்கத் தொடங்கியிருந்தால் அவ்வளவு துன்பம் வந்திராது.

விரதச் சமையலில் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். உள்ளியும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. அவற்றைத் தள்ளிச் சமைக்கும் வீடுகளில் நாய்க்கு அந்த மட்டில் நல்ல காலம். ஆனால் சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் முந்திரிகை வற்றல் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அந்தப் பிரசாதத்தை நீங்களே சாப்பிடுங்கள்.

எனக்கு அதிக பயம் தீர்த்தத்துக்குப் பிந்திய நாட்களைப் பற்றித்தான். 25 நாள் வாய் கட்டியவர்களுக்கு இறைச்சி ஆசை வருவது இயல்பு. ஆனால் வெட்டி எறிந்த கொழுப்பை ஒரேயடியாக நாய்க்குப் போட்டால் கணையம் அழலும். சமைத்த எலும்பு ஊசிபோல் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். சில நாய்கள் முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில் அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். பார்ப்பவர்கள், “பாருங்கோ, கும்பிடுது” என்று கைத்தொலைபேசியில் படம் எடுப்பார்கள். விளையாடும்போது நாய் அப்படிக் குனிவதுண்டு. சத்தியும் சோர்வும் சேர்ந்து அப்படி நின்றால் அது வயிற்று வலி. படத்தை விட்டுவிட்டு நாயைக் கால்நடை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இறைச்சிக்குத் திரும்புவதற்கும் அதே ஏழு நாள்தான். எலும்பு வேண்டவே வேண்டாம்.

ஒரேயடியாக மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. மாரி மழையில் ஈரம் குடித்துப் பூஞ்சணம் பிடித்த பையைப் ‘பழைய பங்கு’ என்று கலக்காதீர்கள். பூஞ்சண நஞ்சு ஈரலை அழிக்கும். பையை எறிந்துவிட்டு, சில நாள் குழைந்த சோறும் தோல் நீக்கி அவித்த கோழியும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வைத்தியர் உடனே மாற்றச் சொன்னாலும் உடனே மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று: தடுப்பூசி போடாத குட்டி இரத்தமாகக் கழிந்தால் ‘சாப்பாடு மாறினதாலை’ என்று காத்திருக்காதீர்கள். அது பார்வோ வைரசு நோயாக இருக்கலாம். ஒரு நாள் தாமதம் உயிரைக் கொண்டுபோகும்.

வெளிநாடு போகிறவர்களே, விசா வந்த அன்றே நாயைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு விமானம் ஏறாதீர்கள். எசமானும் வீடும் சாப்பாடும் ஒரே நாளில் மாறினால் அது எதைத் தாங்கும்? ஒரு வாரத்துக்கான பழைய தீனியையும், என்ன தின்னும், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிய துண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்புவது பிறகு நடக்கட்டும்.

திருவிழா முடிந்தால் வைரவர் மடை வரும். வாகனம் என்று சொல்லி வடையை நாய்க்குப் போட எல்லோருக்கும் கை நீளும். எண்ணெயில் பொரித்தது. ஒன்றைப் பிய்த்துக் கால்வாசி கொடுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.